மஞ்சள் ஏறாத டியூப்

“...அதனால நாலாவது குத்து ஒண்ணு குத்தணும்னா, அந்தா அங்கன நட்டிருக்கு பாரும் தேங்கா உரிக்கிற பாரை, அதுல என்னைத் தூக்கிச் சொருகும் வே. ஊசியை எடுத்துக்கிட்டு ஒருத்தரும் என் பக்கத்துல வரப்படாது” என்றார் அண்ணாச்சி.

சொன்னது என்னைப் பார்த்து. வள்ளியூர் சந்தைக்குப் போகிற தெருவில் அவருக்கு மளிகைக் கடை. அதே தெருவில், கொஞ்சம் தள்ளி, ரத்தம் சோதிக்கும் சின்ன லேப் ஒன்று நான் வைத்திருக்கிறேன். அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு அவர் கடைவாசலில் ஒரு கார் நின்றது. அவர் மனைவி தலையணை, பிளாஸ்க், மாற்று வேட்டி என்று ஒவ்வொன்றாக அதில் ஏற்றிக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற ஏற்பாடு. அண்ணாச்சியின் ரத்தத்தில் பொட்டாசியம் எட்டரை இருக்கிறது என்று சொன்னது என் லேப்தான். எட்டரை என்றால் இதயம் எந்த நிமிஷமும் நின்றுபோகலாம். அந்த எட்டரையே தப்பாக இருக்கலாம், இன்னொரு தடவை ரத்தம் வேண்டும் என்று கேட்டு வந்து நின்றதும் நான்தான். டாக்டர் எனக்குக் கொடுத்திருந்தது ஒரு மணி நேரம். என் பக்கத்தில், ஊசிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி, எங்கள் லேபுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிற அக்கா நின்றார். காலையில் அண்ணாச்சியை மூன்று தடவை குத்தியது அவர்தான்.

இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

ஊசி உள்ளே போகிற நேரத்தில் மனிதர்கள் சொல்கிற சொற்களைப் போல வேறெங்கும் நான் கேட்டதில்லை. அதற்காகவே இந்தத் தொழிலில் ஒட்டிக்கொண்டிருக்கிறேனோ என்றுகூடத் தோன்றும். பீடி சுற்றுகிற ஒரு அம்மா, “எடுக்கதுதான் எடுக்கிய, கூடக் கொஞ்சம் எடுத்து எங்க வீட்டு ஆளுக்கு ஏத்தி விடுங்க. அந்த மனுசனுக்குக் கோவமாவது வரட்டும்” என்றார். சாத்தான்குளத்துப் பக்கம் பனையேறுகிற ஒருவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே, “நாங்க சீவி எடுக்கோம், நீரு குத்தி எடுக்கீரு. தொழில் ஒண்ணுதான் வே” என்றார். மாதம் ஒரு தடவை சர்க்கரை பார்க்க வருகிற ஒரு உம்மா, “பிஸ்மி சொல்லிக் குத்து தாயி” என்பார். அக்காவுக்கு நாங்குநேரிப் பக்கம் ஊர். வானமாமலைப் பெருமாளைக் கும்பிட்டு வளர்ந்தவர். ஆனால் உம்மா கேட்டால் பிஸ்மி சொல்லித்தான் குத்துவார். அவர் வாயில் அது அவ்வளவு சுத்தமாக வரும்.

அக்காவின் கையை நம்பித்தான் என் லேப் ஓடுகிறது. குத்தின தடம் தெரியாது. குழந்தைகள்கூட அழுது முடிக்கிறதற்குள் வேலையை முடித்துவிடுவார். ஆனால் அண்ணாச்சியின் கை வேறு மாதிரி. அரிசி மூட்டையை ஒற்றை ஆளாக இறக்கி வைக்கிற உடம்புதான். நரம்பு மட்டும் நூல் மாதிரி இருக்கும், அதுவும் தொட்டால் நழுவும். போதாததற்கு, கடையில் நின்று தெருமுனைவரை கேட்கிற மாதிரி பேசுகிற அந்த மனிதருக்கு ஊசி என்றால் உயிரே போய்விடும்.

ஒரு வாரமாகக் கால் கனக்கிறது, ஏறி இறங்க முடியவில்லை என்று அவர் டாக்டரிடம் போயிருக்கிறார். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். டாக்டர் ஒரு சீட்டு நிறைய சோதனை எழுதிக் கொடுத்துவிட்டார். காலை ஆறரைக்கு, வெறும் வயிற்றில், கடை திறக்கும் முன் அக்கா போனார். முதல் குத்தில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதில் நரம்பு நழுவிவிட்டது. மூன்றாவதில் பைய பைய வந்தது. ஊதா மூடி போட்ட டியூப்பில் வேண்டிய அளவு நிறைந்தது. அது ரத்த அணுக்களை எண்ணுவதற்கு. மற்ற சோதனைகளுக்கான சிவப்பு மூடி டியூப்பில் விரல் நுனி அளவுதான் விழுந்தது; இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அண்ணாச்சி வேர்த்துக் கொட்டி அரிசி மூட்டைமேல் சாய்ந்துவிட்டாராம். அவருக்கு முகத்தில் தண்ணீர் தெளித்து, சீனித் தண்ணீர் கொடுத்துவிட்டு, பெட்டியை மூடிக்கொண்டு அக்கா வந்துவிட்டார்.

ஆனால் என் மேஜைக்கு வந்த சிவப்பு மூடி டியூப்பில் ரத்தம் போதுமான அளவுக்கு இருந்தது. அதைச் சுழற்றும் மெஷினில் போடும் முன் ஒன்றைக் கவனித்தேன். அரை மணி நேரம் கழித்தும் ரத்தம் சரியாக உறையவில்லை. கட்டியாக நிற்க வேண்டியது, ஆறாத கூழ் மாதிரி தளதளவென்று கிடந்தது. ‘சரி, சிலருக்கு அப்படித்தான்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சுழற்றினேன். அன்றைக்கு நடந்ததில் என் பங்கு அங்கே ஆரம்பிக்கிறது. அதை மறைக்கக் கூடாது.

முதலில் பொட்டாசியம் பார்த்தேன். எட்டரை. திரும்பவும் பார்த்தேன். எட்டரைதான். உடனே டாக்டருக்குப் போன் செய்தேன். “அவர் சாப்பிடுத மாத்திரைக்குச் சில பேருக்குப் பொட்டாசியம் ஏறும். யோசிக்க நேரமில்ல, திருநெல்வேலிக்கு அனுப்புதேன்” என்றார். அடுத்த பத்து நிமிஷத்தில் கார் பேசியாயிற்று.

மிச்சச் சோதனைகளை முடித்துவிட்டால் போகிற ஆஸ்பத்திரியில் காட்ட உதவுமே என்று நான் தொடர்ந்து பார்த்தேன். கால்சியம், இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. அவ்வளவு குறைந்தால் விரல்கள் தானாக மடங்கி இழுத்துக்கொள்ளும். அண்ணாச்சியோ அப்போதுதான் என் ஜன்னல் வழியே கேட்கிற மாதிரி, போனில் யாரோ கருப்பட்டி வியாபாரியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்தது அல்கலைன் பாஸ்பட்டேஸ். நம் எல்லோர் ரத்தத்திலும் இருக்கிற ஒரு நொதி. சோதனை சுலபம்: நிறமில்லாத ஒரு மருந்தில் ரத்த நீரைக் கொஞ்சம் விட்டால், நொதி அந்த மருந்தை வெட்டும்; வெட்டுப்பட்ட துண்டு மஞ்சளாக மாறும். எவ்வளவு சீக்கிரம் மஞ்சள் ஏறுகிறதோ அவ்வளவு நொதி. ஆயிரக்கணக்கான தடவை பார்த்திருக்கிறேன். கண்முன்னே எலுமிச்சம்பழச் சாறு ஊறுகிற மாதிரி இருக்கும். அன்றைக்கு அது ஊறவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், வெறும் தண்ணீராகவே நின்றது. உயிரோடு கருப்பட்டி வியாபாரியைத் திட்டுகிற ஒரு மனிதரின் ரத்தத்தில் அந்த நொதி இல்லாமல் போகாது.

நான் லேப் படிப்புப் படித்தது பரீட்சைக்கு. தெரிந்துகொண்டதெல்லாம் மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளிலிருந்துதான். அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிப்பேன். முதன்முதலில் இந்தச் சோதனையின் தாளைப் படித்தபோது, மருந்தில் துத்தநாகமும் மக்னீசியமும் சேர்த்திருப்பதாகப் போட்டிருந்தது. ரத்தச் சோதனை மருந்தில் உலோகம் எதற்கு என்று ரொம்ப நாள் மண்டையைக் குடைந்தது. விடை கிடைத்தது அண்ணாச்சி கடையின் பக்கவாட்டில்.

அங்கே மண்ணில் ஒரு இரும்புப் பாரை நட்டிருக்கும். தேங்காய் உரிக்கிறவர் காயை அதன் முனையில் குத்தி ஒரு திருகு, இன்னொரு திருகு, மூன்றாவது திருகில் மட்டை தனி, காய் தனி. பாரை தேய்கிறதில்லை, அடுத்த காய்க்கு அப்படியே நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் தாளில் படித்தது எனக்குப் புரிந்தது. நொதி என்பது பெரிய உடம்பு. அதன் வாய்க்குள் இரண்டு துத்தநாக அயனியும் ஒரு மக்னீசிய அயனியும் பதிந்திருக்கின்றன, மண்ணில் பாரை பதிந்திருக்கிற மாதிரி. வெட்ட வேண்டிய பொருளை அந்த உலோகம் தன் மின்னேற்றத்தால் இழுத்து நிறுத்துகிறது. பக்கத்தில் இருக்கிற ஒரு துளித் தண்ணீரையும் பிடித்துக் கூராக்கிவிடுகிறது. சும்மா கிடந்தால் எந்தக் காலத்திலும் நடக்காத வெட்டு, கண்சிமிட்டும் நேரத்தில் நடந்துவிடுகிறது. உலோகம் கழன்றுபோனால் நொதி இருக்கும், வேலை நடக்காது. நாம் கரியமில வாயுவை வெளியே விடுவதற்கும் இப்படி ஒரு துத்தநாகம் வேலை செய்கிறதாம். காயம் பட்டால் ரத்தம் உறைவதற்குக் கால்சியம் வேண்டும். அது இல்லாவிட்டால் உறைய வைக்கிற நொதிகள் ஒன்றையொன்று எழுப்ப முடியாமல் தூங்கும்.

உறையாத ரத்தம். பாதிக் கால்சியம். மஞ்சள் ஏறாத டியூப். ஏறிப்போன பொட்டாசியம். நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்ததும் எனக்கு ஊதா மூடி ஞாபகத்துக்கு வந்தது.

ஊதா மூடி டியூப்புக்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. என்று ஒரு மருந்து பூசி வரும். அதன் வேலையே உலோக அயனிகளைக் கவ்விப் பிடிப்பதுதான். கால்சியத்தைக் கவ்விவிடும், அதனால் ரத்தம் உறையாது. துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும்கூட விடாது. சோதனை மருந்தில் சேர்த்திருக்கிற கொஞ்ச உலோகமும் அதன் வாய்க்குப் பற்றாது. அந்த மருந்து வருவதே பொட்டாசிய உப்பாக. அது கலந்தால் பொட்டாசியம் ஏறத்தானே செய்யும்?

அக்கா அப்போதுதான் அடுத்த வீடு முடித்துவிட்டு வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்.

“யக்கா, அண்ணாச்சிக்கு ரத்தம் எப்படி எடுத்திய?”

“எப்படி எடுப்பாவ? குத்தித்தான்.”

“சிவப்பு மூடியில கொறவா இருந்துச்சா?”

அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். “கொஞ்சம் கொறவாத்தான் இருந்துச்சு.”

“நெரப்பினியளா?”

“ஊதாவுல இருந்து கொஞ்சம் சாய்ச்சு விட்டேன் தம்பி. ஒரே ஆளு ரத்தம்தான? வேற ஆளு ரத்தத்தையா ஊத்துனேன்?” சொல்லிக்கொண்டு வரும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டார். குரல் இறங்கியது. “ஏன் தம்பி, ஊத்தப்படாதா?”

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊதா மூடியில் உறைய விடாத மருந்து இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அது எதைப் பிடித்து உறையாமல் வைக்கிறது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. தாளைப் படித்துவிட்டு எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அந்த மருந்து கலந்ததால்தான் பொட்டாசியம் ஏறியது, அதை நம்பித்தான் அண்ணாச்சிக்குக் கார் பேசியிருக்கிறார்கள் என்று நான் சொன்னதும் அக்கா நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். “காரு கெளம்பிருமே தம்பி. அங்க போயி, இல்லாத பொட்டாசியத்தை எறக்குறதுக்கு ஊசி போட்டுட்டா?”

டாக்டருக்கு மறுபடியும் போன் செய்தேன்.

“சந்தேகமா, நிச்சயமா?” என்றார்.

“நிச்சயம் மாதிரிதான் சார்.”

“மாதிரிங்குதீரே. அந்த மாதிரியில ஆளு போயிட்டா நீரும் நானும் என்ன செய்ய? காரு நிக்கட்டும். ஒரு மணி நேரம் தாரேன். புது ரத்தம் எடுத்துப் பொட்டாசியம் மட்டும் பாத்துச் சொல்லும். சொல்லலைன்னா வண்டி கெளம்பிரணும்.”

தெருவில் வேகமாக நடந்துகொண்டே அக்காவிடம் சொன்னேன்: “மெஷின் கோளாறுன்னு நான் சொல்லிக்கிடுதேன். நீங்க வாயத் தெறக்காதிய.” வெயிலில் அக்காவின் செருப்புச் சத்தம் மட்டும் என் பின்னால் வந்தது.

அப்படிப் போய் நின்றபோதுதான் அண்ணாச்சி அந்தப் பாரையைக் காட்டினார்.

“மெஷின்ல ஒரு சின்னக் கோளாறு அண்ணாச்சி” என்றேன்.

“கோளாறு மெஷினுக்குன்னா மெஷினைக் குத்தும். எனக்கு எதுக்குக் குத்து?” கடையில் சாமான் வாங்க நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சிக்கு உற்சாகம் கூடியது. “காலையில எட்டரைங்குது, இப்பம் இல்லைங்குது. மெஷினா அது, பல்லியா? நேரத்துக்கு ஒண்ணு சொல்லுதே!”

அவர் மனைவி காரின் கதவைப் பிடித்தபடி, “கையக் குடுக்கியளா, வண்டியில ஏறுதியளா? ரெண்டுல ஒண்ணச் செய்யுங்க. எனக்குப் படபடன்னு வருது” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வாய்தான் பேசியது, கல்லா மேஜையின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அவருக்கு ஊசியும் பயம், ஆஸ்பத்திரியும் பயம். நடுவில் பேச்சு ஒன்றுதான் துணை.

“மெஷின்ல கோளாறு இல்ல அண்ணாச்சி” என்றார் அக்கா.

நான் திரும்பிப் பார்த்தேன். பெட்டியை அவர் இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

“நான்தான் தப்புப் பண்ணிட்டேன். சிவப்பு மூடியில ரத்தம் பத்தல. ஊதா மூடியில இருந்து ஊத்தி நெரப்பிட்டேன். அந்த மருந்து இதுல கலந்துட்டு. அதுதான் எட்டரைன்னு காட்டிருக்கு.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பொய் சொல்லியிருந்த என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“எதுக்குத் தாயி அப்படிச் செஞ்ச? இன்னொரு குத்து குத்தி எடுத்திருக்க வேண்டியதுதான?”

“நீங்க வேர்த்து ஊத்தி மூட்டையில சாஞ்சிட்டிய. திரும்பக் குத்த எனக்கு மனசு வரல.”

சாமான் வாங்க நின்ற இருவரும் புளி டப்பாவைப் பார்ப்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணாச்சியின் காது மடல் சிவந்துவிட்டது. “அந்த மருந்து அப்படி என்னத்தைப் பண்ணும்?” என்று என்னைக் கேட்டார். குரலில் பழைய சத்தம் இல்லை.

“உங்க பாரையை ஒருத்தன் பிடுங்கிட்டுப் போயிட்டா, ஆளு இருந்தும் காய் உரியுமா அண்ணாச்சி?”

“எப்படி உரியும்? நகத்தால கீறிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.”

“ரத்தத்துலயும் அப்படிப் பாரைங்க உண்டு. துத்தநாகம், மக்னீசியம், கால்சியம்னு. அந்த மருந்து அதையெல்லாம் பிடுங்கிரும். வேலை செய்யுத ஆளு இருக்கான், வேலை நடக்கல. அதை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்.”

“அப்பம் என் ஒடம்புல பாரை இருக்கா, இல்லையா?”

“ஒடம்புல இருக்கு. அந்த டியூப்புக்குள்ளதான் இல்ல.”

“டியூப்புக்குள்ள இல்லாததுக்கு என்னை எதுக்குவே வண்டியில ஏத்துதிய?” என்றார். அவர் மனைவிக்கு அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. அக்கா பக்கம் திரும்பினார். பிறகு, பருப்பு மூட்டைகள் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

“பொட்டலம் கொறஞ்சா நானும் பக்கத்து மூட்டையில அள்ளிப் போட்டு நெரப்புத ஆளுதான் தாயி. பருப்புக்குப் பருப்புதானன்னு போட்டுருவேன். பழசு ஒரு பக்கம் வேகாமக் கெடக்கு, புதுசு ஒரு பக்கம் கொழைஞ்சு போச்சுன்னு வீட்டுப் பொம்பளைய வந்து ஏசும்போதுல்லா தெரியுது, ரெண்டும் ஒண்ணு இல்லன்னு.”

நான் மணியைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிஷம் போய்விட்டது. அக்காவின் கையிலிருந்து பெட்டியை வாங்கித் திறந்து, கையுறையை மாட்டிக்கொண்டேன். இதற்கு மேல் அவரைக் குத்தச் சொல்வது நியாயம் இல்லை, நானே எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அக்காவும் இரண்டடி பின்னால் போய், காரின் பக்கமாக ஒதுங்கி நின்றுகொண்டார்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புது ரத்தம் டியூப்பில் நன்றாக உறைந்தது. பொட்டாசியம் சரியான அளவில், நாலரைக்குக் கீழே நின்றது. டாக்டரிடம் சொன்னபோது, போனில் அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. காரிலிருந்து தலையணை இறங்கியது. கால் கனத்ததற்கு டாக்டர் பொறுமையாக வேறு காரணம் தேடினார். எல்லாம் முடிந்த பிறகு, யாரும் கேட்காமலே, அல்கலைன் பாஸ்பட்டேஸையும் ஒரு தடவை பார்த்தேன். மருந்து விட்டதும் மஞ்சள் ஏறியது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இப்போது ரத்தம் குறைந்தால் அக்கா, “கொறவாத்தான் இருக்கு தம்பி, இதுல என்ன முடியுமோ அதைப் பாருங்க” என்று டியூப்பை நீட்டுவார். நானும் தாளில் படிப்பதை அன்றன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுகிறேன். உறையாத ரத்தத்தைக் கண்டால் போனை எடுக்கிறதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறேன்.

ஆனால் அந்தப் புது ரத்தத்தை எடுத்தது நான் இல்லை.

நான் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துக்கொண்டு, “கைய நீட்டுங்க அண்ணாச்சி” என்றேன். அண்ணாச்சி என் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேஜைமேல் கிடந்த எடைக்கல்லையெல்லாம் புறங்கையால் ஒரு ஓரமாகத் தள்ளினார். என் முன்னால் இருந்த ஊசிப் பெட்டியை இழுத்து, அக்கா நின்ற பக்கமாக நகர்த்தி வைத்தார். பிறகு இடது கைச் சட்டையைத் தோள்வரைக்கும் சுருட்டி, முழங்கையை அக்கா பக்கம் மேஜையில் மலர்த்தி வைத்துவிட்டு, முகத்தைப் பருப்பு மூட்டைப் பக்கம் திருப்பிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.